இரக்கம் திட்டாது, ஐயா!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்களே, தங்கையே, ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிக்காற்றை விட்டுவிட்டு இந்த மண்டபத்து மின்விசிறிக் காற்றை வாங்க வந்திருக்கும் பெங்களூர்த் தமிழ் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கல்லூரி மகளிர் கூடைப்பந்து அணியில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் வீராங்கனைக்கு ரசிகர்கள் காட்டுவது அன்பா, இரக்கமா? இதுதான் கேள்வி. அன்பே என்று சொல்ல வந்திருக்கிறேன். எங்கள் அணித் தலைவர் என்னை ஏன் பேசச் சொன்னார் தெரியுமா? அந்த பெஞ்சை மூன்று வருடம் தேய்த்தவள் நான்.

தொண்ணூறுகளில், இதே ஊரில், ஒரு கல்லூரி அணியில் என் சட்டை நம்பர் 15. அந்தக் காலத்தில் சர்வதேச விதிப்படி நம்பர் நாலில் தொடங்கி பதினைந்தில் முடியும். ஒன்று, இரண்டு, மூன்று கிடையாது. நடுவர் விரலை நீட்டி இத்தனை பாயின்ட் என்று காட்டும்போது குழப்பம் வரக்கூடாது என்பதற்காக. 2014க்குப் பிறகுதான் எந்த நம்பரும் போடலாம் என்று ஆனது. நாலிலிருந்து பதினைந்து வரை எண்ணிப் பாருங்கள், சரியாகப் பன்னிரண்டு பேர். எங்கள் அணியில் பன்னிரண்டாவது ஆளுக்குக் கிடைத்தது மிச்சமிருந்த 15. அது எனக்கு இரண்டு சைஸ் பெரியது. உள்ளே போட்டால் தலையணைக்கு உறை மாட்டின மாதிரி இருப்பேன்.

எனக்கும் ஒரு ரசிகை இருந்தார். ஹாஸ்டல் மெஸ்ஸில் சமைத்த அக்கா. தர்மபுரிப் பக்கம். மாலையில் உலையை வைத்துவிட்டு, கையில் கரண்டியோடு கோர்ட் ஓரம் வந்து நிற்பார். "இன்னிக்காவது உன்னை இறக்குவாங்களா?" என்று கேட்பார். ஒருநாள் இறக்கினார்கள். கடைசி ஒன்றரை நிமிடம். பந்து என் பக்கமே வந்தது, நான் கையை நீட்டவில்லை, வெளியே போய்விட்டது. அன்று ராத்திரி சாப்பாட்டு வரிசையில் அத்தனை பேர் முன்னால் அக்கா என்னைத் திட்டினார் பாருங்கள்! "பந்து வீடு தேடி வருது, நீ வாசல்ல கோலம் பார்த்துட்டு நிக்கிறியே!"

நடுவர் ஐயா, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரக்கப்படுகிறவர் என்ன செய்திருப்பார்? "பரவாயில்லம்மா, நீ எறங்கினதே பெருசு" என்று ஒரு முட்டை கூடுதலாக வைத்திருப்பார். அக்கா முட்டை வைக்கவில்லை. திட்டினார். என்னால் அந்தப் பந்தைப் பிடிக்க முடியும் என்று அந்தக் கல்லூரியிலேயே நம்பிய ஒரே ஆள் அவர்தான். நானே நம்பவில்லை.

எதிரணித் தங்கை அழகாகப் பேசினார். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் கெய்ட்லின் கிளார்க் 3,951 புள்ளி எடுத்ததைச் சொன்னார். நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை பத்தொன்பது வயதில் இந்திய அணிக்குத் தலைவியானதையும், 2021இல் பத்மஸ்ரீ வாங்கியதையும் சொன்னார். "சாதனைக்குத்தான் அன்பு, மற்றதெல்லாம் ஐயோ பாவம்" என்று முடித்தார். தங்கையே, அனிதா இந்த மண்டபத்துக்குள் வந்தால் நான் முதல் ஆளாக எழுந்து நிற்பேன். ஆனால் எழுந்து நிற்பதற்குப் பெயர் மரியாதை. 3,951 என்றதும் இங்கே எல்லோரும் வாயைப் பிளந்தோமே, அதற்குப் பெயர் பிரமிப்பு. அன்பு அந்தக் கணக்கிலேயே வராது.

புள்ளிக்குத்தான் அன்பு என்றால் 1896ஆம் வருடத்தை என்ன செய்வது? பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் இரண்டு கல்லூரிகள் மோதிய முதல் ஆட்டம் அந்த வருடம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவும். ஆண்களை உள்ளே விடவில்லை. (அண்ணன்கள் முகம் சுருங்குகிறது, பழைய கதைதான், விடுங்கள்.) பக்கத்துக்கு ஒன்பது பேர், ஆக மொத்தம் பதினெட்டு. முடிவு என்ன தெரியுமா? ஸ்டான்ஃபோர்டு 2, கலிபோர்னியா 1. மொத்த ஆட்டத்திலும் மூன்றே புள்ளி! ஆளுக்கொன்று போட்டார்கள் என்றே வைத்தாலும் பதினைந்து பேர் ஒன்றும் போடவில்லை. நூற்றுக்கணக்கில் வந்திருந்த பெண்கள் மூன்று பேருக்கு மட்டும் குரல் கொடுத்துவிட்டு மீதி நேரம் பின்னல் பின்னிக்கொண்டிருந்தார்களா?

அடுத்தது எதிரணித் தலைவர் அண்ணன் வீசிய குண்டு. அதுதான் கனமான குண்டு, ஒப்புக்கொள்கிறேன். "முப்பது பாயின்ட் முன்னால் இருக்கும்போதுதானே அந்தப் பெண்ணை இறக்கு என்று கத்துகிறீர்கள்? எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சின சோற்றைப் போடுவது அன்பா?" கேட்டதும் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அந்தச் சோற்றைச் சாப்பிட்டவள் அல்லவா!

ஆனால் அண்ணே, 2017 ஜூலையில் நம் கண்டீரவா உள்ளரங்கத்துக்கு வந்தவர்களைக் கேளுங்கள். மகளிர் ஆசியக் கோப்பை, பி பிரிவு இறுதி ஆட்டம். இந்தியா 75, கஜகஸ்தான் 73. ஜெயித்தால் மேல் பிரிவுக்குப் போகலாம். நான் கேலரியில் இருந்தேன். "ஹாக்கு, ஹாக்கு" என்று கன்னடத்தில் ஒரு பக்கம், "போடு, போடு" என்று தமிழில் ஒரு பக்கம். அன்று யாராவது பெஞ்சில் இருந்த பெண்ணைக் காட்டி, "பாவம், அவளுக்கும் ஒரு சான்ஸ் கொடுங்க" என்று கத்தினார்களா? என் காதில் விழவில்லை. பெஞ்சுக்காகவே கூடைப்பந்து பார்க்கும் நானும் கத்தவில்லை. இரக்கமாக இருந்தால் கத்தியிருப்பேன், இரக்கத்துக்கு ஸ்கோர் தெரியாது. இரண்டு பாயின்ட் ஆட்டத்தில் அந்தப் பெண்ணே தன்னை இறக்கச் சொல்ல மாட்டாள். அவள் மனசு தெரிந்ததால் அன்று வாயை மூடிக்கொண்டோம். முப்பது பாயின்ட் வரும்போது வாய் திறப்பதும் அதனால்தான்.

இன்னொன்று. முதல் ஐந்து பேர் தினம் சாயங்காலம் யாரை எதிர்த்து ஆடிப் பழகுகிறார்கள்? அமெரிக்காவின் பெரிய கல்லூரிகளில் பெண்கள் அணியோடு மோத ஆண் மாணவர்களைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். நமக்கு அதெல்லாம் எங்கே? பெஞ்ச் பெண்கள்தான் எதிரணி. நட்சத்திரத்தின் முழங்கை இடித்து உதடு வீங்கி, மறுநாளும் வந்து நிற்பவள் அவள். ஐந்து ஃபவுல் ஆகி யாராவது வெளியே வந்தால் அவளைத்தான் தேடுவார்கள். தினமும் பயிற்சியை வேலியோரம் நின்று பார்க்கிற ரசிகனுக்கு இது தெரியும். ஃபைனலுக்கு மட்டும் வருகிறவனுக்குத் தெரியாது. அவனுக்கு வருவது இரக்கமாக இருக்கலாம், அவனை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும்.

மணி அடிக்கப் போகிறார்கள். ஒரு சாட்சியை மட்டும் கூப்பிட்டுவிட்டு முடிக்கிறேன்.

போன மாதம், நம் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கும் ஒரு கல்லூரியின் சிமென்ட் கோர்ட். கடைசி இரண்டு நிமிடம். கேலரி முழுக்க "பதினாலு! பதினாலு!" என்று கூப்பாடு. கோச் இறக்கினார். மூலையில் தனியாக நிற்கிறாள், பந்து வருகிறது, சுற்றி யாருமில்லை. பதினாலு என்ன செய்தாள்? பந்தைப் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு என் பழைய சட்டை ஞாபகம் வந்துவிட்டது. அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "அடியே, போடுறதுக்குத்தானே உன்னை இறக்கினாங்க!" அடுத்த முறை போட்டாள். வளையத்தில் பட்டுத் திரும்பியது. அதே குரல், "பார்த்துட்டு நிக்காதே, ஓடு, ஓடு!"

ஆட்டம் முடிந்து திரும்பிப் பார்க்கிறேன். குரலுக்குச் சொந்தக்காரர் அந்தப் பெண்ணிடம் போய், முழங்கையை உள்ளே வை, மணிக்கட்டை மடக்கு என்று பத்து நிமிடம் பாடம் எடுக்கிறார். அவர் வேறு யாருமில்லை. இதோ, எதிரணித் தலைவர் அண்ணன். இன்று தொண்டை கட்டிப் பேசுகிறாரே, பனி என்றா நினைத்தீர்கள்?

பதினாலுக்கு இன்று நாலு மணிக்கு மேட்ச். இந்தப் பட்டிமன்றத்தை மூன்று மணிக்குள் முடித்துவிடச் சொல்லிச் செயலாளரிடம் காலையிலேயே கேட்டுக்கொண்டவர் யார் என்று, தீர்ப்பு எழுதும் முன் ஒரு வார்த்தை விசாரியுங்கள் நடுவர் ஐயா. வணக்கம்.