ஊசிமுனையில் ஒரு தேர்தல் கேள்வி

[காட்சி: விவாத மேடை. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், நடுவே ஒலிவாங்கி.]

தேர்தல் நெருங்கினால் இரண்டு கேள்விகள் சேர்ந்தே மேடையேறுகின்றன. பெண்களுக்கு ஏன் சம்பளம் குறைவு? கட்சித் தலைமையில் ஏன் அவர்களைக் காணோம்? உடனே ஒருவர் எழுந்து, "ஒரு பெண்ணைத் தலைவராக்குங்கள், சம்பளம் தானாகச் சரியாகிவிடும்" என்பார். கைதட்டல் எழும். பிரிட்டனில் நடந்ததைப் படித்த பிறகு, அந்தத் 'தானாக' எனக்கு உறுத்துகிறது.

[காட்சி: தையல் இயந்திரம். ஊசிக்கு அடியில் நகரும் கார் இருக்கை உறை.]

1968 ஜூன். லண்டனின் கிழக்கே டேகன்ஹாமில் உள்ள ஃபோர்டு தொழிற்சாலை. இருக்கை உறை தைக்கும் 187 பெண்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டு எழுந்தார்கள். துண்டு துண்டாக வரும் துணியை, இருக்கையின் வளைவுக்கு ஏற்றபடி சுருக்கம் விழாமல் தைத்துச் சேர்க்கும் வேலை அது. நிர்வாகம் அதைத் திறன் குறைந்த 'பி' தரத்தில் வைத்திருந்தது. அந்தத் தரத்திலும், ஆண்கள் வாங்கியதில் 85 சதவீதம்தான் பெண்களுக்கு.

உறை இல்லாமல் இருக்கை இல்லை. இருக்கை இல்லாமல் கார் வெளியே போகாது. உற்பத்தி நின்றது. வேலைவாய்ப்பு அமைச்சர் பார்பரா காசில் அந்தப் பெண்களை அழைத்துப் பேசினார். ஊதியம் 92 சதவீதமாக உயர்ந்தது. தரம் மட்டும் அப்படியே நின்றது. அவர்கள் முதலில் கேட்டதோ அந்தத் தர உயர்வைத்தான்.

[காட்சி: நாள்காட்டி. 1970 மே 29, ஜூன் 18.]

காசில் ஒருபோதும் கட்சித் தலைவரானதில்லை. ஆனாலும் சம ஊதியச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். அது சட்டமானது 1970 மே 29. பொதுத்தேர்தல் ஜூன் 18. இடையில் மூன்றே வாரம்! தேர்தலில் அவருடைய தொழிற்கட்சி தோற்றது, சட்டம் நிலைத்தது. நடைமுறைக்கு வந்தது 1975 டிசம்பர் கடைசியில்.

அதே ஆண்டு பிப்ரவரியில் மார்கரெட் தாட்சர் பழமைவாதக் கட்சியின் தலைவரானார், 1979இல் பிரதமர். சட்டத்திலோ பெரிய ஓட்டை இருந்தது. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி வேலை செய்தால், அல்லது இரண்டு வேலைகளும் சமம் என்று முறைப்படி மதிப்பிடப்பட்டிருந்தால் மட்டுமே சம ஊதியம். பெண்கள் மட்டுமே வேலை செய்யும் கூடத்தில் யாரோடு ஒப்பிடுவது? மதிப்பிட முடியாது என்று முதலாளி மறுத்துவிட்டால் அதோடு வழி அடைபட்டது. இந்தச் சட்டம் போதாது என்று 1982இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே தாட்சர் அரசு திருத்தம் கொண்டுவந்தது. 1984 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

தலைமைப் பதவி பெண்ணின் உரிமை. சம்பளத்தைச் சரிசெய்து காட்டினால்தான் அந்தப் பதவி என்று நிபந்தனை போடுவது அநியாயம். ஆண் தலைவர் எவரிடமும் அப்படிக் கேட்பதில்லை. சம்பளத்துக்கான கேள்வியைக் கட்சியின் தேர்தல் அறிக்கையிடம் கேட்க வேண்டும்.

[காட்சி: தேர்தல் அறிக்கையின் ஒரு பக்கம். ஒரு சொல்லின் கீழ் சிவப்புக் கோடு.]

அதில் 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று இருக்கிறதா, 'சம மதிப்புள்ள வேலைக்கு' (வேலை வேறானாலும் மதிப்பு சமமானால் போதும்) என்று இருக்கிறதா? சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1951 உடன்படிக்கை இரண்டாவதைத்தான் சொல்கிறது. அந்த மதிப்பை அளப்பது யார், முதலாளி மறுத்தால் எங்கே முறையிடுவது என்பதையும் வேட்பாளர் மேடையிலேயே சொல்லட்டும்.

[காட்சி: மறுபடியும் தையல் இயந்திரம்.]

டேகன்ஹாம் பெண்கள் 1984இல் இன்னொரு வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகுதான் அவர்களுடைய தையல், திறன் வாய்ந்த வேலைக்கான 'சி' தரத்துக்கு உயர்ந்தது.