நத்தையோடு முட்டையையும் தேடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மாலையில் தளதளவென்று நின்ற நாற்று மறுநாள் காலையில் வெறும் தண்டாக நிற்பதையும், அருகே மண்ணில் வெள்ளிக்கோடு போன்ற தடம் மினுங்குவதையும் தோட்டம் வைத்திருக்கும் நீங்கள் கண்டிருப்பீர்கள். உடனே பலர் உப்பை அள்ளித் தூவுகிறார்கள். நத்தை சாகும் என்பது உண்மைதான். ஆனால் மண்ணில் தங்கிவிடும் உப்பு செடியின் வேரையும் கெடுக்கும்.

நான் எப்போதும் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. 1966ஆம் ஆண்டில் ஹவாயிலிருந்து திரும்பிய ஒரு சிறுவன், ஆப்பிரிக்க ராட்சத நத்தைகள் மூன்றை அமெரிக்காவின் மயாமி நகருக்குக் கொண்டுவந்தான். அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். மூன்று நத்தைகள் என்ன செய்துவிடும் என்றுதான் யாரும் எண்ணுவோம். ஏழு ஆண்டுகளுக்குள் 18,000க்கும் மேற்பட்ட நத்தைகள் அப்பகுதியில் பிடிபட்டன. அவற்றை முற்றிலும் ஒழிக்க 1975 வரை ஆயிற்று, செலவோ ஏறத்தாழ பத்து லட்சம் டாலர். கவனியுங்கள், தொடக்கம் மூன்றே மூன்று நத்தைகள்.

இந்தப் பெருக்கத்துக்குக் காரணம், ஒவ்வொரு நத்தையின் உடலிலும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருப்பதே. இணைசேர்ந்த எந்த நத்தையும் முட்டையிடும். ராட்சத நத்தை ஒரே தடவையில் 100க்கும் அதிகமாக இடக்கூடியது. ஆகவே நத்தையைப் பொறுக்குவதோடு நின்றுவிடாதீர்கள், முட்டையைத் தேடுங்கள். தொட்டிகளின் அடியிலும், செங்கல் இடுக்கிலும், மட்கிய இலைக்குவியலிலும், ஈரமண்ணைச் சற்றே கிளறினால் வெளிர்மஞ்சள் மணிகளாகக் கொத்துக்கொத்தாய்க் கிடக்கும். அவற்றை நசுக்கிவிடுங்கள்; உரக்குழியில் போட்டால் அங்கேயே பொரித்துவிடும்.

நத்தை இரவில் உலவுவது. வெயில் ஏறினால் ஈர மறைவை நாடும். மாலையில் தண்ணீர் ஊற்றினால் இரவெல்லாம் அதற்கு ஈரப்பாதை அமைத்துத் தருகிறோம். காலையில் ஊற்றுவதே நல்லது. நனைத்த சாக்கை விரித்து, அதனடியில் பப்பாளி இலையோ முட்டைகோஸ் இலையோ வைத்தால், விடியலில் அங்கே கூடியிருக்கும். அவற்றைப் பொறுக்கி, தோட்டத்துக்கு வெளியே வாளியில் வைத்த கெட்டியான உப்புக் கரைசலில் போடலாம். கையுறை கட்டாயம், சில நத்தைகள் சுமக்கும் எலி நுரையீரல் புழு மனிதரின் மூளைவரை செல்லக்கூடியது. அதனால் கீரையையும் நன்றாகக் கழுவியே உண்ணுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது, நத்தையைக் கொல்லத் தூவும் நச்சுக் குருணைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெட்டால்டிஹைடு கலந்தவை நாய்க்கும் பூனைக்கும் உயிராபத்தானவை. இரும்பு பாஸ்பேட் குருணைகளால் அந்த ஆபத்து மிகக் குறைவு. எதை வாங்கினாலும் உறையில் குறித்த அளவுக்கு மேல் தூவாதீர்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். வணக்கம்.