பேருந்து ஓடாத நாள்

அவைக்கு வணக்கம். மாணவர்களோடு பிரான்சுக்குக் கல்விப் பயணம் கிளம்பும் ஆசிரியர்களுக்காக இந்தப் பேச்சு. உங்கள் அட்டவணையில் ஒரு நாளுக்கு எதிரே மட்டும் ‘ஓய்வு’ என்று ஒற்றைச் சொல் இருக்கும். அந்த நாளை உங்களுக்குத் தருபவர் பேருந்து ஓட்டுநர். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி நாலரை மணி நேரம் வண்டி ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். பொதுவாக ஆறு நாளுக்கு ஒருமுறை வார ஓய்வும் எடுத்தாக வேண்டும். அன்று வண்டி நகராது. கிராமத்தில் அதை விட்டால் வேறு பேருந்து கிடைப்பதும் அரிது. எனவே எல்லாமே நடை தூரத்தில் இருக்கிற ஊரில் அந்த நாள் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்மேற்கே தொர்தோஞ் ஆற்றங்கரையில் செனாக் என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். கிழமை, வியாழன். ஊருக்கு மேலே குன்றின் உச்சியில் தோம் இருக்கிறது; 1281-இல் மூன்றாம் பிலிப் மன்னர் எழுப்பிய கோட்டை ஊர். அங்கே வியாழன் காலையில் சந்தை. ஏற்றம் சுமார் 150 மீட்டர், முக்கால் மணி நேர நடை. எட்டரைக்கே கிளம்பிவிடுங்கள். வழியில் உயரமான புல்லுக்குள் யாரும் இறங்க வேண்டாம், உண்ணி ஏறும். மாலையில் முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்புப் பட்டை பதியும் இடம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கடித்திருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய், நெருப்பு வைத்தியமெல்லாம் வேண்டாம்.

சந்தையில் முதல் சொல் ‘போன்ழூர்’, அதாவது வணக்கம். அதைச் சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுருங்கும். பழத்தை அமுக்கிப் பார்ப்பதும் கூடாது. இன்றைக்கா நாளைக்கா, எப்போது சாப்பிடப் போகிறோம் என்று சொன்னால் கடைக்காரரே பதம் பார்த்து எடுத்துத் தருவார்.

இருபத்திரண்டு பேருக்கு மதிய உணவு என்றால் பாகெத் என்ற நீள ரொட்டி 12, தக்காளி 3 கிலோ, பீச் பழம் 4 கிலோ, ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸ் 44. அந்தச் சீஸ் ஒரு வில்லை 35 கிராம்தான், ஆளுக்கு இரண்டு வேண்டியிருக்கும். ரொட்டியில் ‘த்ரதிசியோன்’, அதாவது மரபு வகை, என்று கேட்டு வாங்குங்கள். 1993-ஆம் ஆண்டு அரசாணைப்படி அதில் பதப்படுத்தும் சேர்மானம் எதுவும் போடக்கூடாது. அதனாலேயே மறுநாள் காலையில் விறகாகிவிடும். முந்தைய நாள் வாங்கி வைத்துப் பயனில்லை.

சைவ மாணவர்கள் ஏமாறும் இடம் உருளைக்கிழங்கு. இது வாத்து நாடு. சர்லா ஊர்ப் பாணி வறுவலை வாத்துக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். ‘பெரிகோர் சாலட்’ என்று பெயர் பார்த்துக் கேட்டால் இலைக்கு மேல் வாத்தின் இரைப்பை வந்து உட்காரும். பல சீஸ்களில் பால் உறைய வைப்பதே கன்றின் இரைப்பைச் சாற்றால். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

பன்னிரண்டு முதல் இரண்டு வரை பெரும்பாலான கடைகள் மூடிக் கிடக்கும். அந்த நேரத்தில் மரநிழலில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருங்கள். அட்டவணையில் இதற்கு எதையும் எழுதாதீர்கள்.

இரண்டரைக்குத் துடுப்புப் படகு, நாமே ஓட்டுவது. செனாக்கிலிருந்து பேனாக் வரை நீரோட்டத்தோடு சுமார் 9 கிலோமீட்டர், இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். திரும்பி வர, படகை வாடகைக்கு விடுபவரின் வேனே உண்டு. கடைசி வேன் எத்தனை மணிக்கு என்பதைப் பணம் கட்டும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது 25 மீட்டர் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. தெரியாத மாணவரைக் கணக்கில் சேர்த்து ஏற்றாதீர்கள். அவரோடு கரையில் ஓர் ஆசிரியர் இருக்கட்டும்.

இருவர் படகில் கனமானவர் பின்னால் உட்கார வேண்டும், திசை திருப்புவது அவர் வேலை. முன்னால் இருப்பவர் துடுப்பு போட்டுக்கொண்டே போனால் போதும். இருவருமே திருப்பப் பார்த்தால் படகு குறுக்கே திரும்பி, பாலத்தின் தூணில் பக்கவாட்டில் போய் மோதும். இங்கேதான் கவிழ்வது. தூணைக் கண்ட பயத்தில் எல்லோரும் அதற்கு எதிர்ப்பக்கம் சாய்வார்கள். நீர் வந்து மோதும் விளிம்பு தாழ்ந்து, ஒரே நொடியில் படகு நிரம்பிவிடும். மனம் ஒப்பாதுதான், ஆனாலும் தூணின் பக்கமே சாய வேண்டும், முடிந்தால் அதைக் கையால் அணைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் விழுந்தவர் ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலக் கூடாது. கல்லிடுக்கில் பாதம் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி மிதந்து வந்தால் சரளைத் திட்டு தானாக வரும். செருப்பு ஆற்றோடு போய்விடும், பழைய ஷூ நல்லது. கைப்பேசி, கடவுச்சீட்டு நகல் எல்லாம் படகுக்காரர்கள் தரும் திருகுமூடிப் பீப்பாயில்.

பாதி வழியில் லா ரொக் கஜாக், பாறைச் சுவரில் ஒட்டிவைத்த வீடுகள். 1957-இல் அந்தப் பாறையின் ஒரு பகுதி சரிந்து மூவர் இறந்தார்கள். பிறகு இடப்பக்கம் கஸ்தெல்நோ கோட்டை, வலப்பக்கம் பேனாக் கோட்டை. இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போரில் எதிரெதிர் அணிகள். வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்குவதை ஆறு ஐந்து நிமிடத்தில் காட்டிவிடும்.

ஜூன் கடைசியில் ஒன்பதரைக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். ஊர்த் திடலில் பெத்தாங்க் ஆடுவார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: அரை மீட்டருக்கு மிகாத வட்டத்துக்குள் இரு பாதமும் தரையில் பதிய நின்று, 6 முதல் 10 மீட்டர் தொலைவில் சிறு மரக்குண்டை எறிய வேண்டும். அதை ஒட்டி இரும்புக் குண்டைச் சேர்ப்பதுதான் ஆட்டம். மூவர் அணி என்றால் ஆளுக்கு இரண்டு குண்டு. உள்ளங்கை கீழே பார்க்கப் பிடித்து விடுங்கள். குண்டு பின்சுழற்சியோடு விழுந்து அடங்கும். கிரிக்கெட் கை இதற்கு உதவாது, சரளையில் குண்டு துள்ளி எங்கோ போகும். ஊர்ப் பெரியவர் யாராவது பக்கத்தில் வந்து, ஒரு சொல்கூடப் பேசாமல் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் காட்டுவார். 13 புள்ளி எடுத்தவருக்கு வெற்றி. ஒரு புள்ளியும் எடுக்காமல் தோற்றவர் ‘ஃபானி’ என்ற பெண்ணின் உருவப் படத்தில் அவளுடைய பிட்டத்தை முத்தமிட வேண்டும் என்பது வழக்கம். ஆசிரியருக்கும் அதில் விலக்கு இல்லை.