எறும்பும் தன் கையால் எண்சாண்

(கோத்தகிரியில் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, நூலகர் அவர்களே, இந்த மழையிலும் குன்னூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் சிறு தேயிலை விவசாயிகள் சங்கச் செயலாளர் அவர்களே, சுக்குக் காப்பி போட்டுத் தந்த மகளிர் குழு அக்காமார்களே, முன்வரிசையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் ஐயா போன வருடமே கூப்பிட்டார். அப்போது நான் கிராம சுகாதாரச் செவிலியராக வேலையில் இருந்தேன், லீவு கிடைக்கவில்லை. மறக்காமல் இந்த வருடமும் அழைத்த அந்த அன்புக்கு நன்றி.

எறும்பும் தன் கையால் எண்சாண் என்பார்கள். உடம்பை அளக்கும் கோல் அந்த உடம்பிலேயே இருக்கிறது. இரண்டு கையையும் விரித்தால், இந்த நடுவிரல் நுனியிலிருந்து அந்த நடுவிரல் நுனி வரை ஏறக்குறைய நம் உயரம்தான். எலும்பு, முதியவர், வளரும் பிள்ளை என்று மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன்.

முதலில் எலும்பு. 1899-இல் கார்ல் பியர்சன் என்ற புள்ளியியல் அறிஞர் பிரெஞ்சுக்காரர்களின் எலும்பு அளவுகளை வைத்து, எலும்பின் நீளத்திலிருந்து இறந்தவரின் உயரத்தைக் கண்டுபிடிக்கக் கணக்கு எழுதினார். 1952-இல் மில்ட்ரெட் டிராட்டரும் கோல்டின் கிளெசரும் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் எலும்புகளை அளந்து அதை இன்னும் திருத்தமாகச் செய்தார்கள். சரி, இறந்தவர் கணக்கு இவ்வளவு போதும். உயிரோடு இருப்பவரிடம் வருகிறேன்.

என் பெரியம்மா இலங்கையில் கண்டிப் பக்கம் பிறந்தவர். அங்கிருந்த தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பப் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்து, இந்த மலையில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தார். எழுபது வயதில் முதுகு நன்றாகக் கூன் போட்டுவிட்டது. சோறு இறங்கவில்லை என்று ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சுவரோடு நிறுத்தி அளந்தார்கள்: 134 செ.மீ. எடை 36 கிலோ. உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் பி.எம்.ஐ. கணக்கைப் போட்டு, “பி.எம்.ஐ. 20 இருக்கிறது, நார்மல்தான், போய் வாருங்கள்” என்றார்கள். படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்திருந்தார். அவருடைய மணிக்கட்டு என் இரண்டு விரல் வளையத்துக்குள் சுழன்றது. இது எப்படி நார்மல் ஆகும்?

வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷின் டிராயரிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்தேன். பெரியம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, வலது கையைத் தோள் மட்டத்துக்குப் பக்கவாட்டில் நீட்டச் சொன்னேன். “ஏம்மா, ஜாக்கெட்டா தைக்கப் போறே?” என்றார். கழுத்துக்குக் கீழே நெஞ்செலும்பின் மேல் ஒரு குழி இருக்கிறதே, அதிலிருந்து நடுவிரலும் மோதிரவிரலும் பிரியும் இடம் வரைக்கும் 66 செ.மீ. வந்தது. பெண்களுக்கு அதை 1.35-ஆல் பெருக்கி 60.1 கூட்டினால் உயரம் வரும். ஆண்களுக்கு 1.40-ஆல் பெருக்கி 57.8. பெரியம்மாவுக்கு 149 வந்தது. அப்புறம் டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தேன். உயரம் 4 அடி 11 அங்குலம் என்று எழுதியிருந்தது. செ.மீ.யில் அது 150!

இப்போது அதே 36 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் பி.எம்.ஐ. 16 சொச்சம். 18.5-க்குக் கீழே போனாலே மெலிவு. உடம்பு வற்றிக்கொண்டிருந்த மனுஷியை நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். வயதானால் முதுகெலும்பு நொறுங்கிக் குறுகுகிறது, நடுவிலுள்ள வட்டுகள் தேய்கின்றன. கை எலும்பு குறுகுவதில்லை. முழங்கால் உயரத்தை வைத்தும் கணக்கிடலாம், அதற்குத் தனிக் கருவி வேண்டும். எறும்பும் தன் கையால் எண்சாண் என்பது எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நம் பெண்கள் வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். எஸ்டேட் தொழிலாளர்களின் எத்தனை லைன் வீடுகளில் கூன் விழுந்த, படுத்த படுக்கையான பாட்டிமார் இருக்கிறார்கள்! நம் பெண்கள் கொண்டுபோகும் பையில் ஓர் இஞ்சு டேப்பும், இந்தக் கணக்கு எழுதிய ஓர் அட்டையும் வேண்டும். இதுதான் என் கோரிக்கை, இதற்காகத்தான் ஊர் ஊராகப் போகிறேன். இன்னொன்றும் வேண்டும். இந்தக் கணக்கும் வெள்ளைக்காரர் உடம்பை அளந்து போட்டதுதான். படுகர், கோத்தர், தோடர், இருளர், குறும்பர், எஸ்டேட் தமிழர் எல்லோரையும் அளந்து நம் மலைக்கென்று ஒரு கணக்குப் போட வேண்டும். எறும்பு தன் கையால் அளக்கட்டும், அடுத்தவர் கையால் வேண்டாம்.

பிள்ளைகள் விஷயத்தை எடுக்க நேரமில்லை, தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள். டேப்பும் அங்கேயே இருக்கிறது. முன்வரிசைப் பாட்டிமார் எழுந்திருக்க வேண்டாம், நானே உங்கள் நாற்காலிக்கு வருகிறேன். கம்பளியை மட்டும் கொஞ்சம் விலக்கி, வலது கையை நீட்டி வையுங்கள்.