மொட்டை மாடியின் வெப்பமும் தெர்மாகோலின் இடமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்குள் வெப்பம் இறங்காமல் தடுக்கும் பொருள்களைப் பற்றி, அவற்றுள்ளும் நாம் தெர்மாகோல் என்று அழைக்கும் பாலிஸ்டைரீன் நுரையைப் பற்றி, இன்று பேச இருக்கிறேன்.

மேல்தளத்தில் குடியிருப்பவர்களைக் கோடையில் பெரிதும் வாட்டுவது உச்சிப்பொழுது அன்று. இரவு எட்டு, ஒன்பது மணிதான். பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கும் காங்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதும் உண்டு. அந்த வெப்பம் ஐந்தாறு அங்குலக் கனத்தைக் கடந்து கீழ்ப்பரப்புக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகிறது. ஆகவே வெளியே காற்று குளிரத் தொடங்கும் வேளையில் கூரையின் அடிப்பக்கம் அனல் வீசுகிறது; மின்விசிறி அந்த அனலையே சுழற்றித் தருகிறது.

நம் கொத்தனார்கள் காங்கிரீட்டின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். சுருக்கி என்று சொல்லப்படும் இந்த வேலை மழைநீரை வாட்டம் கொடுத்து வடியச் செய்வதில் தேர்ந்தது. வெப்பத்தைத் தடுப்பதில் அதன் திறன் நாம் நம்பும் அளவுக்கு இல்லை. வெறும் 150 மில்லிமீட்டர் காங்கிரீட் தளம், இருபுறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3.3 வாட் வெப்பத்தைக் கடத்தும். மூன்று அங்குலச் சுருக்கியும் தட்டோடும் சேர்ந்தால் அது 2.4 வாட் அளவுக்குக் குறையும். ஆனால் மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட, எகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரைக்கு வகுத்துள்ள உச்சவரம்பு 1.2 வாட். சுருக்கியை மட்டும் நம்பி அந்த வரம்புக்குள் வர இயலாது.

இங்கேதான் நுரைப்பொருள்கள் உதவுகின்றன. தெர்மாகோலில் கிட்டத்தட்ட 98 விழுக்காடு காற்றுதான். எஞ்சியது மட்டுமே பிளாஸ்டிக். பென்டேன் வாயுவை உள்ளடக்கிய சிறு மணிகளை நீராவியால் சூடாக்கினால் அவை பன்மடங்கு பொரிந்து, அச்சுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகின்றன. அசையாமல் சிறைப்பட்ட காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும் என்பதே இதன் முழுச் சூத்திரம். 50 மில்லிமீட்டர் தெர்மாகோல் அட்டை தரும் தடையைக் காங்கிரீட்டால் பெற வேண்டுமானால், சுவர் இரண்டு மீட்டருக்கும் கூடுதலான கனத்தில் இருக்க வேண்டும். 2017 ஏப்ரலில் வைகை அணையின் நீர் ஆவியாகாமல் தடுக்க மிதக்கவிட்ட தெர்மாகோல் அட்டைகளைக் காற்று கரையில் ஒதுக்கியதை நாடே பார்த்துச் சிரித்தது. அந்த இலேசான தன்மையே கூரையில் நமக்குப் பயன்படுகிறது. ஒரே நிபந்தனை, அது பறக்காதபடி மேலே பாரம் இருக்க வேண்டும்.

பாலிஸ்டைரீனில் இரண்டு வகை உண்டு. மணிகள் சேர்ந்த வெள்ளை அட்டை ஒன்று. இடைவெளியின்றி ஒரே நுரையாகப் பிதுக்கி எடுக்கப்படும், பெரும்பாலும் நிறமூட்டப்பட்ட கடினமான எக்ஸ்பிஎஸ் பலகை மற்றொன்று. முதல்வகையில் மணிகளுக்கு இடையே நீர் புகுந்து தங்கும். இரண்டாவது வகை மிகக் குறைவாகவே நீரை ஏற்கும், அழுத்தத்தையும் தாங்கும். எனவே மொட்டை மாடிக்கு நான் பரிந்துரைப்பது எக்ஸ்பிஎஸ் பலகைதான், விலை கூடுதலாக இருந்தாலும். தளத்தின்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு, அதன்மேல் 50 மில்லிமீட்டர் பலகை, அதன்மேல் பிரிப்புத் துணி, பிறகு கலவையும் ஓடும் என்ற வரிசையில் அமைத்தால், சுருக்கி உள்ள கூரையின் 2.4 வாட் கடத்தல் 0.5 வாட் அளவுக்கு இறங்கிவிடும். நீர்த்தடுப்புப் பூச்சு பெட்ரோலியக் கரைப்பான் கலந்ததாக இருந்தால், அது நன்றாக உலர்ந்த பிறகே பலகையை வைக்க வேண்டும். பெட்ரோலும் தின்னரும் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும்.

நம் ஊரில் பலரும் செய்வது இதற்கு நேர்மாறானது. மலிவான தெர்மாகோல் அட்டையை வாங்கி, அறைக்குள் கூரையின் அடிப்பக்கம் ஒட்டிவிடுகிறார்கள். இதனால் அறை ஓரளவு குளிர்கிறது என்பது உண்மைதான். ஆயினும் காங்கிரீட் முன்போலவே வெயிலில் காய்ந்து விரிந்து சுருங்குகிறது. விரிசலும் கசிவும் தொடர்கின்றன. அதைவிடப் பெரிய கவலை தீ. பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். பற்றிக்கொண்டால் எரியும் துளிகளாகச் சொட்டி, அடர்ந்த கரும்புகையைக் கக்கும். தீத்தடுப்பு வேதிப்பொருள் சேர்த்த அட்டைகள் சிறு பொறியைத் தாங்குமே தவிர, எரியாத பொருளாகிவிடுவதில்லை. மின்கம்பிகளும் விளக்குகளும் உள்ள கூரையில் மூடாத தெர்மாகோலை ஒட்டுவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன்.

2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் குடியிருப்புக் கோபுரம் எரிந்து 72 பேர் உயிரிழந்தார்கள். தீ வெளிச்சுவரில் விரைந்து ஏறியதற்கு முதன்மைக் காரணம், பாலிஎத்திலீன் உள்ளீடு கொண்ட அலுமினியத் தகடுகள். அவற்றுக்குப் பின்னால் வேறுவகை நுரையாலான வெப்பக் காப்பும், சன்னல்களை ஒட்டிப் பாலிஸ்டைரீன் பலகைகளும் இருந்தன. எரியக்கூடிய பொருளை எங்கே, எதனால் மூடி வைக்கிறோம் என்பது வெப்பக் கணக்கைவிட முந்திய கேள்வி. காங்கிரீட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே அடைபட்ட பலகைக்கு இந்த அபாயம் வெகுவாகக் குறைகிறது.

உள்ளேதான் காப்பு அமைக்க வேண்டும் என்ற கட்டாயம் உள்ள வாடகை வீடுகளிலும் தகரக் கொட்டகைகளிலும், ராக் வூல் எனப்படும் பாறைப்பஞ்சையோ கண்ணாடிப்பஞ்சையோ ஜிப்சம் பலகைக்கு மேலே பரப்பலாம். பஞ்சு எரியாது, ஆனால் நனைந்தால் பயனற்றுப் போகும். பாலியூரித்தேன் நுரை, அதே கனத்தில் தெர்மாகோலைவிட மேலானது. வெயில் நேரடியாகப் பட்டால் மஞ்சளித்து உதிரும்.

இவை எவற்றுக்கும் இப்போது பணம் இல்லை என்பவர்கள், தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதிலிருந்து தொடங்கலாம். புதிய வெள்ளைப் பூச்சு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். புழுதி படிந்தால் அந்தத் திறன் குறையும் என்பதால், மாடியை அவ்வப்போது கழுவ வேண்டும்; ஓரிரு ஆண்டுகளில் மறுபூச்சும் தேவைப்படும். காப்புப் பலகை பதித்தவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கூரை வழியே வெப்பம் வருவது குறைந்ததுபோல, அடுப்பும் ஆட்களும் சேர்க்கும் வெப்பம் அவ்வழியே வெளியேறுவதும் குறைந்திருக்கும். ஆகவே பகலில் வெயில் பக்கத்துச் சன்னல்களை மூடியும், இரவில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்தும் வைக்க வேண்டும். நன்றி, வணக்கம்.