விலையை யார் எழுதுகிறார்கள்?

நண்பர்களே, 2023-இல் அமெரிக்கா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 17.6 விழுக்காட்டை மருத்துவத்துக்குச் செலவிட்டது. ஜப்பானில் அது 11 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. இத்தனைக்கும் முதியவர்கள் அதிகம் உள்ள நாடு ஜப்பான். அங்கே ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு தடவை டாக்டரிடம் போகிறார். அமெரிக்கர் நான்கு தடவைதான். ஆயுளும் ஜப்பானியருக்கே ஐந்தாறு ஆண்டு கூடுதல். அப்புறம் அமெரிக்கர்களின் பணம் எங்கே போகிறது? பெரும்பகுதி விலையில் போகிறது என்பேன்.

ஜப்பானில் காப்பீட்டுக்குள் வரும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு புள்ளி வைத்திருக்கிறது. ஒரு புள்ளிக்கு 10 யென். முதல் தடவை டாக்டரைப் பார்க்க 2024 திருத்தப்படி 291 புள்ளி, அதாவது 2,910 யென். அதில் பொதுவாக 30 விழுக்காடு, சுமார் 870 யென், நோயாளி கட்டுகிறார். மிச்சத்தைக் காப்பீடு கொடுக்கிறது. டோக்கியோ கிளினிக்கானாலும் ஒக்கினாவா தீவுக் கிளினிக்கானாலும் இதே 291தான். எதற்கு எத்தனை புள்ளி என்பது கையில் தரும் ரசீதிலேயே அச்சாகியிருக்கும். பெரிய ஆபரேஷன் வந்தால் மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் கட்ட வேண்டாம் என்று வருமானத்துக்கேற்ற உச்சவரம்பும் உண்டு.

அமெரிக்காவில் ஒரே மருத்துவமனையில், ஒரே ஸ்கேனுக்கு, காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு விலை. காப்பீடே இல்லாதவருக்கு இன்னொன்று. விலைகளை வெளியிட வேண்டும் என்ற அரசு விதியே 2021 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. நோயோடு படுத்திருப்பவர் எப்படிப் பேரம் பேசுவார்? இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அமெரிக்காவுக்கு ஒற்றை விலை ஒத்துவராது என்பவர்கள் அங்கேயே இருக்கும் மேரிலாந்து மாநிலத்தைப் பார்க்கட்டும். மருத்துவமனைக் கட்டணத்தை 1970களிலிருந்து அங்கே ஓர் ஆணையம் நிர்ணயிக்கிறது. 2014 முதல் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு வருமானத்தையே முன்கூட்டி வரையறுத்துவிட்டார்கள். படுக்கையை நிரப்பினால்தான் காசு என்ற நெருக்கடி குறைந்தது. வீடு திரும்பிய சர்க்கரை நோயாளி மறுபடி வந்து படுக்காமல் பார்த்துக்கொள்வது மருத்துவமனைக்கே லாபமாயிற்று.

சரி, ஜப்பான் முறையில் குறையே இல்லையா? இருக்கிறது. விலையை இறுக்கிப் பிடித்ததில் அங்கே பல மருத்துவமனைகள் நட்டத்தில் ஓடுகின்றன. ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புள்ளிகளைத் திருத்தும்போது டாக்டர்கள் உள்ளிட்ட சிகிச்சை தரும் தரப்பில் ஏழு பேர், பணம் கொடுக்கும் தரப்பில் ஏழு பேர், பொதுநலன் சார்பில் ஆறு பேர் என ஒரு குழு உட்கார்ந்து, ஊரறிய வாதாடித்தான் முடிவெடுக்கிறது.