நல்ல மென்பொருளுக்கு அடித்தளம் மாதிரியா, நிரலா? – ‘மாதிரியே’ அணியின் பேச்சு

நடுவர் அவர்களே, மென்பொருள் எப்படி நடக்க வேண்டும் என்று வரைந்தோ எழுதியோ வைப்பதுதான் மாதிரி; அதுவே அடித்தளம் என்கிறோம் நாங்கள். எதிரணித் தம்பி கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். “ஓடுகிற நிரல்தான் உண்மை, படமெல்லாம் ஆறு மாதத்தில் பழசு” என்றார். மென்பொருளைப் படமாக வரையும் மொழியான யுஎம்எல்லை வேறு வறுத்தெடுத்தார்.

அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆளுக்கொரு விதமாக வரைந்துகொண்டிருந்த பூச், ரம்பா, ஜேக்கப்சன் என்ற மென்பொருள் வல்லுநர்கள் மூவரும் கூடி உருவாக்கிய மொழி அது. (ரம்பா என்றதும் பின்வரிசையில் விசில் வேண்டாம், இவர் ஜேம்ஸ் ரம்பா!) 1997-இல் ஓஎம்ஜி என்ற தர நிர்ணய அமைப்பு அதைத் தரமாக ஏற்றது. வளர்ந்து வளர்ந்து 14 வகைப் படங்களாகிவிட்டது. பரீட்சைக்கு எல்லாவற்றையும் படித்தவர்கள் இங்கே நிறைய. வேலையில் நான்கைத் தாண்டியவர் கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கையும் காணோமே! சரி, பத்தை விட்டுவிடுவோம். அதற்காக மிச்சத்தையும் தூக்கிப் போடச் சொல்கிறாரே, அங்கேதான் வழக்கு.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வந்ததா, ரத்தானதா, அனுப்பியாச்சா, திருப்பிக் கொடுத்தாச்சா என்று நிரலில் நாலு பூலியன், அதாவது ஆம்-இல்லை குறி, வைப்பார் தம்பி. நாலு பூலியன் என்றால் 16 சேர்க்கை. அதில் நடப்பில் அர்த்தமுள்ளவை ஐந்தோ ஆறோ. மிச்சத்தை யார் பார்த்தது? வாடிக்கையாளர் ‘ரத்து’ அழுத்துகிறார், அதே நொடியில் வங்கியிலிருந்து ‘பணம் வந்தது’ என்று தகவல் வருகிறது. இதையே நிலைப்படமாக, நிலைக்கு ஒரு கட்டம், மாற்றத்துக்கு ஒரு அம்பு என்று வரையுங்கள். ‘ரத்தானது’ என்று ஒரு கட்டம் போட்டு, ‘பணம் வந்தது’ அம்பு அங்கிருந்து எங்கே போகும் என்று கேட்டுப் பாருங்கள். அம்பு இல்லை என்பது கண்ணில் அடிக்கும். ஆயிரம் வரி நிரலில் இல்லாத ஒரு ‘இஃப்’ நிபந்தனை யார் கண்ணில் படும்? இந்த நிலைப்படத்துக்கு முழு வடிவம் கொடுத்தவர் கணினி அறிவியலாளர் டேவிட் ஹாரல். 1980களில், ஒரு போர் விமானத் திட்டத்துக்காக. அங்கே ஒரு பொத்தானுக்கான பதிலைத் தடித் தடி ஆவணங்களில் தேட வேண்டியிருந்தது.

‘பழசாகிவிடும்’ என்கிறீர்கள். எழுத்திலிருந்து படம் வரையும் கருவி மெர்மெய்ட்; அதன் படம் வெறும் எழுத்து. நிரலில் மாற்றத்தைப் பதிவுசெய்யும் அதே கமிட்டில் அதையும் மாற்றலாம். மாற்றாமல் விட்டுவிட்டு மொழியைத் திட்டலாமா? காரின் கட்டுப்பாட்டு நிரலையே சிமுலிங்க் என்ற மாதிரிக் கருவியில் வரைந்த மாதிரியிலிருந்து உருவாக்குகிறார்கள். அங்கே மாதிரியைத் திருத்தினால்தான் நிரலே மாறும்.

கடைசியாக அமேசான். தங்கள் தரவுதளச் சேவையான டைனமோடிபியின் வடிவமைப்பை, கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட்டின் டிஎல்ஏ பிளஸ் என்ற கணித மாதிரி மொழியில் எழுதி, சாத்தியமான நிலைகளையெல்லாம் அலசும் மாடல் செக்கர் கருவியிடம் கொடுத்தார்கள். செயலிழப்பும் மீட்பும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் பின்னிக்கொண்டால் தரவு தொலையும் என்று அது காட்டியது. டிசைன் ரிவ்யூ, நிரல் ரிவ்யூ, டெஸ்டிங் எல்லாவற்றுக்கும் தப்பிய பிழை அது. அதைத் தொட மிகக் குறுகிய வழியே 35 படிகள்! அமேசான் பொறியாளர்களே இதை 2015-இல் எழுதியிருக்கிறார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவரே. அடுத்து வரும் எதிரணி அம்மா வேறெதுவும் சொல்ல வேண்டாம், அந்த 35 படிகளையும் வரிசை தப்பாமல் எந்த டெஸ்ட் கேஸில் எழுதியிருப்பார் என்று மட்டும் சொல்லட்டும். வணக்கம்.